பாலம் யாருடையது?

ஆற்றின் மேல் பாலம் நிற்கும்வரை அது யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. சந்தைக்குச் செல்பவர், பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, கல்லறைக்குச் சவப்பெட்டியைச் சுமந்து செல்பவர் என அனைவரும் அதன்மீது நடக்கிறார்கள். கடந்தவுடன் மறந்தும் போகிறார்கள். பாலம் விழுந்த மறுநாள்தான் கேள்வி பிறக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் குஜராத் மாநிலத்து மோர்பி நகரில், மச்சு ஆற்றின் குறுக்கே இருந்த பழைய தொங்குபாலம் அறுந்து வீழ்ந்து 135 பேர் மாண்டனர். பழுதுபார்ப்புக்குப் பின் நான்கு நாட்களுக்கு முன்னர்தான் அது மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. பாலம் நகராட்சிக்கு உரியது. அதைப் பேணி நடத்தும் பொறுப்போ ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. செத்தவர்களின் உறவினர் மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டிருக்க, பாலத்தைக் காக்கும் கடமை யாருக்கு என்பதை ஆவணங்களைப் புரட்டித் தேட வேண்டியதாயிற்று.

இந்தக் கேள்வி புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்து நாட்டு மன்றங்களில் அது கேட்கப்பட்டு வந்திருக்கிறது. நம் நாட்டுச் சாலைச் சட்டங்கள் ஆங்கிலச் சட்டத்தின் வழித்தோன்றல்கள் ஆகையால், அந்த வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. நாம் சட்டம் பயின்றவரல்லர்; இறையியல் பயின்ற ஒரு பங்குக் குருவுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். அந்த வரலாற்றின் சரிபாதி, மடங்களும் ஆயர்களும் சிற்றாலயங்களும் நிறைந்த கதை என்பதே நம் விடை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாலம் ஒரே பொருளாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. சட்டத்தின் கண்ணுக்கோ அது மூன்று இழைகள் கொண்ட கயிறு. பாலத்தின் கால்கள் ஊன்றிய மண் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதன்மேல் நடந்து செல்லும் உரிமை நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியதாக இருக்கலாம். பழுதுபார்க்கும் கடமை மூன்றாம் ஒருவரின் தலையில் இருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலச் சட்டத்தைத் தொகுத்து உரை எழுதிய எட்வர்டு கோக் என்னும் நீதிமான், பாலத்தின் உடைமை அந்த நிலத்தின் உடைமையாளரைச் சேர்ந்தது, வழிநடையோ அரசரின் குடிகள் அனைவரையும் சேர்ந்தது என்று வகுத்துரைத்தார். 1805ஆம் ஆண்டு வந்த ஹாரிசன் எதிர் பார்க்கர் வழக்கு இந்தப் பிரிவினையை இன்னும் நுட்பமாக்கியது. ஒருவர் தம் செலவில் பாலம் கட்டிப் பொதுமக்களுக்கு விட்டுவிட்டார். அதன் கல்லையும் மரத்தையும் வேறொருவர் பெயர்த்து எடுத்துச் சென்றால், கட்டியவர் வழக்குத் தொடரலாமா? தொடரலாம் என்றது மன்றம். அவர் ஊருக்குக் கொடுத்தது நடக்கும் உரிமையைத்தானே தவிர, கல்லையும் மரத்தையும் அன்று.

சாலையைப் பற்றியும் இதே கொள்கைதான். நெடுஞ்சாலை என்பது ஆங்கிலச் சட்டத்தில் அடிப்படையில் நிலமன்று. கடந்து செல்லும் உரிமை. ஆனால் தரையில் கிடக்கும் சாலை கேட்பாரற்றுப் போனாலும் குண்டும் குழியுமாக மக்கள் நடப்பார்கள். பாலத்தை விட்டுவிட்டால் அது கொல்லும். ஆகவே பாலத்தைப் பொறுத்தவரை ‘யாருக்குச் சொந்தம்’ என்பதைக் காட்டிலும் ‘யாருக்குக் கடமை’ என்பதே மூத்த கேள்வியாக இருந்திருக்கிறது.

அந்தக் கடமையின் வேர் ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் இருக்கிறது. நிலம் வைத்திருந்த யாவரும் மூன்று சுமைகளைச் சுமந்தனர்: போருக்கு ஆள் தருதல், கோட்டை கட்டுதல், பாலம் அமைத்தல். 749ஆம் ஆண்டு மெர்சியா நாட்டரசர் ஈதல்பால்டு, கம்லி என்னுமிடத்தில் கூடிய பேரவையில் திருச்சபை நிலங்களுக்குப் பல வரிகளிலிருந்தும் ஊழியங்களிலிருந்தும் விலக்கு அளித்தார். ஆனால் கோட்டைக்கும் பாலத்துக்கும் விலக்கில்லை என்று அந்தச் சாசனத்திலேயே எழுதப்பட்டது. நம் ஊர்க் கல்வெட்டுகளில் இறையிலி நிலங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த நடைமுறை எளிதில் விளங்கும். எல்லா வரியையும் நீக்கிய அரசர்கூட, ஆற்றைக் கடக்கும் வழியை மட்டும் நீக்க முன்வரவில்லை.

கெண்ட் நாட்டில் மெட்வே ஆற்றின்மேல் நின்ற ரோச்சஸ்டர் பாலத்தைப் பற்றிய ஒரு பழைய சுவடி நம் கவனத்துக்கு உரியது. கற்கால்களின்மேல் மரப்பலகை பாவிய அப்பாலத்துக்கு ஒன்பது கால்கள். எந்தக் காலை யார் பேண வேண்டும், எந்தெந்த ஊர்கள் பலகையும் உத்திரமும் தர வேண்டும் என்று அந்தச் சுவடி கணக்கு வைத்திருக்கிறது. சில கால்கள் ரோச்சஸ்டர் ஆயருக்கு. ஒரு கால் அரசருக்கு. சில, கண்டர்பரி பேராயருக்கு. எஞ்சியவை சுற்றுவட்டார ஊர்களுக்கு. அரசரும் ஆயரும் குடியானவரும் ஒரே ஆற்றில் அடுத்தடுத்துக் கால் ஊன்றி நின்றார்கள். ஒரு கால் சாய்ந்தால் யாருடைய கால் என்று தேட வேண்டியதில்லை. இதைவிடத் தெளிவான பராமரிப்பு ஒப்பந்தத்தை இன்றைய பொறியியல் அலுவலகங்களிலும் காண்பது அரிது என்று நமக்குத் தோன்றுகிறது.

சுமை என்றால் அதில் அத்துமீறலும் உண்டு. 1215ஆம் ஆண்டின் மகா சாசனம் உரிமைகளின் தாய் என்று போற்றப்படுவதை நாம் அறிவோம். அதன் 23ஆம் விதி பாலத்தைப் பற்றியது என்பது பலர் அறியாதது. பண்டுதொட்டுச் சட்டப்படி கடமைப்பட்டவர் தவிர, வேறு எந்த ஊரையும் எந்த மனிதரையும் ஆற்றங்கரையில் பாலம் கட்டும்படி வற்புறுத்தலாகாது என்பது அதன் கருத்து. அரசர் ஜான் பருந்து பறக்கவிட்டு நீர்ப்பறவைகளை வேட்டையாட ஆற்றங்கரைகளுக்குச் செல்கையில், அவர் கடப்பதற்காக ஊர்மக்கள் பாலம் கட்ட வேண்டியிருந்த கொடுமையே அதன் பின்னணி. பொதுவழிக்கான கடமை ஒருவரின் பொழுதுபோக்குக்கான வெட்டிவேலையாக மாறியபோது, சட்டம் கோடு கிழித்தது.

ஆனால் கடமைப்பட்டவர் இல்லாத ஆறுகள் ஏராளம். அங்கே பாலம் கட்டியது யார்? அறம் செய்ய விரும்பியவர்கள். பாலம் கட்டுவதும் பேணுவதும் பசித்தவருக்கு உணவிடுவதைப் போன்ற புண்ணியச் செயல் என்று இடைக்காலத் திருச்சபை கற்பித்தது. பாலத்துக்குப் பொருளுதவி செய்வோருக்கு ஆயர்கள் நாற்பது நாள் பலன் வழங்கினார்கள். பலன்களை விற்றதால் நேர்ந்த கேடுகளைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்தப் பலன்களால் வழிப்போக்கர் நனையாமல் ஆறு கடந்த கதையை ஏனோ குறைவாகவே கேட்டிருக்கிறோம். சாகும் தறுவாயில் எழுதும் உயிலில் இன்ன பாலத்துக்கு இவ்வளவு பணம் என்று ஒரு வரி சேர்ப்பது வணிகரிடையே வழக்கமாயிற்று. பாலத்தருகே குடிசையிட்டு வாழ்ந்த தனித்துறவிகள் வழிப்போக்கரிடம் பிச்சை பெற்றுக் கல்லைச் சீர்படுத்தினார்கள். பிரான்சு நாட்டு அவிஞ்ஞோனில் ரோன் ஆற்றின்மேல் பாலம் எழக் காரணமான புனித பெனசே அந்தப் பாலத்துச் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய உரோமையில் குருக்கள் குழுவினருக்கு வழங்கி, பிற்காலத்தில் திருத்தந்தையைக் குறிக்கவும் வந்த ‘பொந்திபெக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கே ‘பாலம் செய்பவர்’ என்பதுதான் வெளிப்படையான பொருள்.

இலண்டன் பாலத்தைக் கல்லால் கட்டத் தொடங்கியவரும் ஒரு குருவே. கோல்சர்ச் பீட்டர் என்ற அவர் 1176இல் பணியைத் தொடங்கினார், 1205இல் இறந்தார், பாலம் 1209இல் முடிந்தது. பாலத்தின் நடுவே, கண்டர்பரியின் மறைசாட்சி புனித தாமஸ் பெக்கெட்டின் பெயரால் எழுந்த சிற்றாலயத்தில் அவரைப் புதைத்தார்கள். மக்கள் அந்தப் பாலத்துக்கு வீடும் வயலும் எழுதிவைத்தார்கள். அந்த நன்கொடைச் சாசனங்களில் ‘கடவுளுக்கும் பாலத்துக்கும்’ என்று எழுதியதுண்டு. சொத்து வாங்குபவராகக் கடவுளையும் பாலத்தையும் சேர்த்து எழுதிய அந்தத் துணிவைச் சட்ட அறிஞர் எப்படிப் பொருள்கொள்வரோ அறியோம். நமக்கு அது ஒரு செபமாகவே ஒலிக்கிறது.

இனி நாம் சற்றுத் தங்க விரும்பும் இடத்துக்கு வருகிறோம். இலண்டனுக்குக் கிழக்கே லீ என்றொரு ஆறு. அரசர் முதலாம் ஹென்றியின் துணைவி மெட்டில்டா, 1118இல் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அதன்மேல் கல்பாலம் கட்டுவித்தார். துறையைக் கடக்கையில் அவரே நனைந்து இடருற்றதால் கட்டினார் என்பது செவிவழிச் செய்தி. வில்லைப்போல் வளைந்த அமைப்பினால் அதற்கு ‘வில்’ என்று பொருள்படும் ‘போ’ என்ற பெயர் நிலைத்தது. கட்டியதோடு அரசி நிற்கவில்லை. நிலங்களையும் ஓர் ஆலையையும் வாங்கி, அவற்றின் வருவாயிலிருந்து பாலத்தைப் பேண வேண்டும் என்ற கட்டளையோடு பார்க்கிங் என்னும் ஊரின் கன்னியர் மடத்துத் தலைவியிடம் ஒப்படைத்தார். குடும்பங்கள் அற்றுப்போகும், மடம் அற்றுப்போகாது என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

1135இல் பாலத்துக்கு அருகிலேயே ஸ்ட்ராட்ஃபோர்டு என்னுமிடத்தில் துறவியர் மடம் ஒன்று எழுந்தது. பார்க்கிங் தலைவி அந்த நிலங்களை, பாலக் கடமையோடு சேர்த்து, ஆண்டுதோறும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு புதிய மடாதிபதிக்கு விட்டுக்கொடுத்தார். மடாதிபதி அந்த வேலையைப் பாலத்தருகே குடியிருந்த ஒருவரிடம் விட்டார். அவர் வழிப்போக்கரிடம் தருமம் கேட்டுப் பெற்றுப் பழுதுபார்த்தார். காலப்போக்கில் கேட்டுப் பெற்றது மறித்துப் பறிப்பதாயிற்று. இரும்புத் தடுப்பு போட்டுப் பணம் தராத வண்டியைத் தடுத்தார்கள். பெரிய மனிதர்களை மட்டும் அச்சத்தால் விட்டார்கள் என்கிறது விசாரணைப் பதிவு. அரசி விட்ட நிலத்தின் விளைச்சல் மடத்துக்கு. பாலத்தின் செலவு ஏழை வண்டிக்காரனுக்கு! பாலம் சிதைந்தது. அரசின் விசாரணை வந்தபோது கன்னியர் மடம் துறவியர் மடத்தைச் சுட்டியது. துறவியர் மடம் கன்னியர் மடத்தைச் சுட்டியது. ‘ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி’ என்ற நம் பழமொழி மடங்களுக்கும் பொருந்தியதைச் சொல்ல நமக்கு மகிழ்ச்சியில்லை. இறுதியில் 1315இல் ஸ்ட்ராட்ஃபோர்டு மடாதிபதியே பாலத்தைப் பேண வேண்டும் என்று முடிவாயிற்று.

நிலத்தை வைத்திருப்பதால் வரும் கடமை என்று சட்டம் சொல்வது இதைத்தான். கைமாறும் நிலத்தோடு கடமையும் கைமாறும். எட்டாம் ஹென்றியின் காலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு மடம் ஒழிக்கப்பட்டு, நிலங்கள் இல்லறத்தார் கைக்குப் போயின. கன்னியரும் இல்லை, துறவியரும் இல்லை, அரசி மெட்டில்டாவுக்காகச் செபிப்பாரும் இல்லை. பாலக் கடமை மட்டும் நிலத்தைவிட்டு அகலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அந்த நிலங்களை வாங்கியவர்கள் யாராயினும், எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அரசியின் கட்டளை அவர்களைப் பின்தொடர்ந்தது.

நிலம் எதுவும் பெறாமல், வெறும் இரக்கத்தால் ஒருவர் பழுதுபார்த்து வந்தால் என்ன ஆகும்? கோக் இதற்கும் விடை சொல்லியிருக்கிறார். ஓர் ஆயரோ மடாதிபதியோ ஒருமுறை, இருமுறை தருமமாகப் பாலத்தைச் செப்பனிட்டால் அது அவரைக் கட்டாது. ஆனால் அது அவருக்கு எதிரான சான்றாக நிற்கும், மாறானதை மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. நினைவுக்கெட்டாத காலந்தொட்டு அவரும் அவருக்கு முன்னிருந்தோரும் தருமமாகவே செய்துவந்திருந்தால், அது அவரைக் கட்டும். தனிமனிதரைப் பொறுத்தவரை, தம் முன்னோர் செய்தார் என்ற காரணத்துக்காக மட்டும் மகனைக் கட்ட முடியாது. மகன் நிலம் வைத்திருக்க வேண்டும். ஆயர் பதவியும் நகரசபையும் சாவதில்லை ஆகையால், அவற்றைப் பழக்கமே கட்டும்.

நற்செயலுக்கு இது தண்டனையல்லவா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் அப்படிக் கருதவில்லை. ஒருவர் தொடர்ந்து செய்யும் தருமத்தை நம்பி ஊர் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறது. சந்தை அக்கரையில் எழுகிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். நூறாண்டு கழித்து ‘நாங்கள் தருமம் செய்தோம், இன்று மனமில்லை’ என்று கைகழுவினால், அந்த ஊர் என்ன செய்யும்? நம் நாட்டிலும் ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து, வழக்கமாகத் தொடங்கிக் கடமையாக முதிர்ந்ததே. 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அதற்கென ஒரு சட்டமே வந்தது.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் 22ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1530–31இல், பாலச் சட்டம் இயற்றப்பட்டது. இடிந்த பாலங்கள் பல. யார் கட்ட வேண்டும் என்று மெய்ப்பிக்க இயலாதவை அவற்றுள் மிகுதி. நகரத்துப் பாலமானால் நகரத்தார், நாட்டுப்புறப் பாலமானால் ‘கவுண்டி’ என்னும் அந்த மாவட்டத்து மக்கள் அனைவரும் அதைப் பேண வேண்டும் என்றது சட்டம். வரி போடவும் மேற்பார்வையாளரை அமர்த்தவும் சமாதான நீதிபதிகளுக்கு அதிகாரம் தந்தது. பாலத்தின் இரு முனைகளிலிருந்தும் 300 அடி தூரச் சாலையும் அக்கடமையில் அடங்கும் என்றது. சேற்றில் இறங்கி ஏறும் பாலம் பாலமாகாது என்ற நடைமுறை அறிவு அதில் தெரிகிறது. இது புதுச் சட்டமன்று, பழைய பொதுச் சட்டத்தையே எழுதிவைத்தது என்பது கோக்கின் கருத்து.

அச்சட்டம் வந்து பத்தாண்டுகளுக்குள் மடங்கள் யாவும் மூடப்பட்டன. 1547இல் இறந்தோருக்காகப் பூசை வைக்கும் நிறுவனங்களும் ஒழிக்கப்பட, பாலத்துச் சிற்றாலயங்கள் வெறுமையாயின. ராதரம் நகரில் 1483இல் தேவமாதாவின் பெயரால் எழுந்த பாலச் சிற்றாலயம், ஏழைகளின் விடுதியாகவும், சிறைக்கூடமாகவும், புகையிலைக் கடையாகவும் மாறி, 1924இல்தான் மீண்டும் அருள்பொழிவு பெற்றது. பலன் வழங்க ஆயரும் பிச்சை கேட்கத் துறவியும் இல்லாத நாட்டில், பாலத்துக்கு வரி ஒன்றே கதியாயிற்று. இரக்கம் இருந்த இடத்தில் சட்டம் வந்து அமர்ந்தது என்று வருந்துவோர் உண்டு. போ பாலத்தின் கதையைப் படித்தபின் அப்படி முழுமையாக வருந்த நமக்கு மனம் வரவில்லை.

அதன்பின் மூன்று நூற்றாண்டுகள் வழக்குகளின் தலைப்பே வியப்பானது: ‘அரசர் எதிர் இன்ன மாவட்டத்து மக்கள்’. ஒரு பாலம் பழுதானால் மாவட்டம் முழுவதுமே குற்றக்கூண்டில் நின்றது. அப்படியானால் எது பாலம்? 1830இல் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்து மக்களின் வழக்கில், ஏறக்குறையத் தெளிவான கரைகளுக்கிடையே நீர் ஓடும் தடத்தின்மேல் அமைவதே மாவட்டப் பாலம். அத்தடம் சிற்சில வேளைகளில் வறண்டு கிடந்தாலும் அதனால் கேடில்லை என்று வரையறுத்தார்கள். வைகைக் கரையில் வாழ்வோர் இந்த விளக்கத்தைக் கேட்டுப் புன்னகை செய்வர்.

எல்லாவற்றிலும் தொலைநோக்குடைய தீர்ப்பு 1770இல் யார்க்ஷயர் மேற்குப் பகுதி மக்களுக்கு எதிராக வந்தது. கிளஸ்பர்ன் என்ற சிற்றூரார் தம் சொந்தச் செலவில் வண்டி போகும் பாலம் கட்டினார்கள். மாவட்டத்தார் கட்டவில்லை, கட்டச் சொல்லவும் இல்லை. ஆயினும் மாவட்டத்தாரே அதைப் பேண வேண்டும் என்றது மன்றம். யார் கட்டினார் என்பதன்று, யாருக்குப் பயன்படுகிறது என்பதே அளவுகோல். மாவட்டம் முழுவதும் அதன்மேல் நடந்து பயன்பெறுகிறது; பயன்பெறுவோர் சுமக்கட்டும். இதைச் சிலர் தவறாகப் பயன்படுத்தி, மட்டமான பாலங்களைக் கட்டி மாவட்டத்தின் தலையில் கட்டவும் செய்தார்கள் போலும்; 1803இல் எல்லன்பரோ பிரபுவின் சட்டம், மாவட்ட மேற்பார்வையாளர் ஒப்பும்படி உறுதியாகக் கட்டினாலன்றி அத்தகைய புதுப்பாலத்தை மாவட்டம் ஏற்க வேண்டியதில்லை என்றது.

அமெரிக்காவில் கேள்வி தலைகீழாக வந்தது. அங்கே பாலம் சுமையன்று, வருவாய். பாஸ்டனையும் சார்ல்ஸ்டவுனையும் இணைத்து 1786இல் சார்ல்ஸ் ஆற்றின்மேல் பாலம் திறந்த நிறுவனத்துக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமை இருந்தது. 1828இல் அரசு அதன் அருகிலேயே வாரன் பாலத்துக்கு அனுமதி தந்தது. போட்ட முதல் திரும்பியதும் அதில் கட்டணமின்றிப் போகலாம். தம் சொத்து பறிபோயிற்று என்று பழைய நிறுவனத்தார் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1837இல் தலைமை நீதிபதி ராஜர் டானி, சாசனத்தில் தனியுரிமை என்று வெளிப்படையாக எழுதப்படாதபோது அதை ஊகித்துக் கொடுக்க இயலாது, சமூகத்துக்கும் உரிமைகள் உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கத்தோலிக்கர் அவர். சமூகத்துக்காக இவ்வளவு அழகாகப் பேசிய அதே மனிதர், இருபது ஆண்டுகள் கழித்து டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பின மக்கள் அந்நாட்டுக் குடிமக்களாக இயலாது என்று தீர்ப்பெழுதினார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கடமை யாருடையது என்பது இவ்வளவு தெளிவாக வகுக்கப்பட்ட பின்னும், ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1788இல் டெவன் மாவட்டத்தில் பழுதான பாலம் ஒன்றினால் ரஸ்ஸல் என்பவரின் வண்டி சேதமுற்றது. பாலத்தைப் பேண வேண்டியவர்கள் டெவன் மக்கள் என்பதில் ஐயமில்லை. எனவே அவர் டெவன் மக்கள்மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தார். மன்றம் மறுத்துவிட்டது. மாவட்டத்து மக்கள் என்பது ஒரு நிறுவனமன்று, அதற்குப் பொதுக் கருவூலமில்லை. இதை அனுமதித்தால் வழக்குகளுக்கு முடிவிராது என்றார்கள். பொதுமக்கள் தொல்லையுறுவதைக் காட்டிலும் தனியொருவர் இழப்பைத் தாங்குவதே மேல் என்பது நீதிபதி ஆஷ்ஹர்ஸ்டின் நிலைப்பாடு.

ஒரு மனிதன் மக்களுக்காக இறப்பது நல்லது என்று கயபா சொன்னதை யோவான் நற்செய்தியில் படித்தவர்களுக்கு இந்த வாதம் எங்கோ கேட்டதுபோல் இருக்கும். கடமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் அடிபட்டவனுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. சாலையையோ பாலத்தையோ பேணத் தவறிய பொது அமைப்பு இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற இந்த விதி, அதன்பின் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தில் வாழ்ந்தது. 1961ஆம் ஆண்டின் சட்டம்தான் அதை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் இடிந்த பாலங்களில் கால் ஒடிந்தவர்களும் குதிரை இழந்தவர்களும் எத்தனை பேர் என்பதை எந்தச் சட்டத் தொகுப்பும் கணக்கிட்டு வைக்கவில்லை.

பிந்திய மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1888இல் மாவட்டப் பாலங்கள் புதிதாய் அமைந்த மாவட்ட மன்றங்களின் பொறுப்பாயின. 1959இல் மக்கள் அனைவரின் கூட்டுக் கடமை என்ற பழைய கொள்கை முறைப்படி ஒழிந்தது. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், நெடுஞ்சாலை பாலத்தின்மேல் செல்லுமானால் அப்பாலம் நெடுஞ்சாலையின் பகுதியாகவே கொள்ளப்படும் என்கிறது. நம் நாட்டின் 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமும் அதன் நான்காம் பிரிவில், தேசிய நெடுஞ்சாலைகள் நடுவண் அரசைச் சேர்ந்தவை என்று சொல்லி, அவற்றின்மேலும் குறுக்கேயும் கட்டிய பாலங்கள், சிறுபாலங்கள், சுரங்கவழிகள், சாலையோர மரங்கள், மைல்கற்கள் ஆகிய யாவற்றையும் அதற்குள் அடக்குகிறது. மோர்பிப் பாலம் போன்றவை எந்த நெடுஞ்சாலையிலும் சேராதவை. ஓர் ஊராட்சியோ நகராட்சியோ தன் கடமையைத் தாளில் எழுதி மற்றொருவரிடம் கொடுக்கும்போது, மடாதிபதி பாலத்தருகே குடியிருந்தவரிடம் கொடுத்த அதே கதை திரும்புகிறது.

இலண்டன் பாலத்துக்குத் திரும்புவோம். பீட்டர் குருவானவரின் பாலம் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்று, 1831இல் புதுப்பாலம் திறந்தபின் இடிக்கப்பட்டது. அந்தப் புதுப்பாலமும் பாரம் தாங்காமல் அமிழத் தொடங்கவே, 1968இல் அதை அமெரிக்கத் தொழிலதிபர் ராபர்ட் மெக்கல்லோக்குக்கு 24,60,000 டாலருக்கு விற்றார்கள். முகப்புக் கற்களுக்கு எண்ணிட்டுக் கப்பலேற்றி, அரிசோனாப் பாலைநிலத்தில் ஹவாசு ஏரிக்கரையில் மீண்டும் அடுக்கினார்கள். 1971இல் அது அங்கே திறக்கப்பட்டது. கல்லை விற்கலாம்; தேம்சு ஆற்றைக் கடக்கும் மக்களின் உரிமையை விற்க முடியாது. ஆகவே இலண்டனில் அதே இடத்தில் வேறொரு பாலம் எழுந்தது. 1973இல் அரசி அதைத் திறந்துவைத்தார்.

‘கடவுளுக்கும் பாலத்துக்கும்’ என்று எழுதிவைத்த வீடுகளும் வயல்களும் என்னவாயின? சிற்றாலயம் போயிற்று, புனித தாமஸின் பெயரும் போயிற்று, அறக்கட்டளை போகவில்லை. 2023இல் பெயர் மாற்றம் பெற்ற அது, இன்று இலண்டன் பாலம் உள்ளிட்ட ஐந்து தேம்சுப் பாலங்களைப் பேணுகிறது. பாலங்களுக்குச் செலவிட்ட பின்னும் பணம் எஞ்சியதால், 1995இல் அதன் சாசனம் திருத்தப்பட்டது. அன்று முதல் அந்த எச்சம் இலண்டன் நகரத்து ஏழை எளியோருக்கான அறப்பணிகளுக்குச் செல்கிறது.